கால் சுற்று

முதலில் சொன்னது பனிதான்.
நார்த் டகோட்டாவில் ஏப்ரலிலும் வெளுத்துக் கிடக்கும் முற்றத்தில்
வண்டியின் புகைக்குழாய்க்குக் கீழே மட்டும்
ஒரு தட்டளவு கரி.

அறுபத்து நாலாம் வருடத்து இன்டர்நேஷனல் பிக்கப்.
இருபது தேன்பெட்டி ஏற்றினால்
பாலத்து மேட்டுக்கே இருமும்.
நூறு மைலுக்குப் பன்னிரண்டு காலன் குடிக்கும்.
நின்றால் பெட்ரோல் நெடி கண்ணைக் கரிக்கும்.
எங்கள் புகையூதிக்குச் சொக்கி அடங்குகிற தேனீக்கள்
இந்தப் புகைக்கு அடங்கியதில்லை:
போன ஜூலையில் ஆர்டிஸின் உதட்டில் மூன்று கொடுக்கு.

"காற்று போதலை" என்பாள் ஆர்டிஸ்.
"பெட்ரோல் போதலை, அதனால்தான் இருமுது" என்பேன் நான்.
அப்போ கரி?
"அது பழைய கரி."
அக்கா தங்கை இரண்டு பேர், வண்டி ஒன்று,
கார்புரேட்டரின் விலாவில் ஒரு திருகு.

செவ்வாய் அவள் ஓட்டும் நாள்.
யாரும் பார்க்காதபோது கால் சுற்று உள்ளே.
வெள்ளி என் நாள்.
யாரும் பார்க்காதபோது கால் சுற்று வெளியே.
இப்படி ஏழு வருடம்.
ஒருத்தி செய்வது ஒருத்திக்குத் தெரியும்.
சாப்பாட்டு மேசையில் உருளைக்கிழங்கைப் பற்றி மட்டும் பேசுவோம்.

நேற்று ரயில்பாதையின் நட்டநடுவே நின்றுவிட்டது.
கோதுமை ரயில் தொலைவில் ஊதியது.
இறங்கித் தள்ளினேன்;
அந்த நேரத்தில் வாயில் வந்த வார்த்தைகளை
லூத்தரன் தேவாலயம் மன்னிக்கட்டும்.

வீட்டுக்கு இழுத்து வந்து பிளக்குகளைக் கழற்றினால்
ஆறும் ஆறு அடுப்புக்கரித் துண்டு.
காற்று வடிகட்டியைச் சூரியனுக்கு எதிரே பிடித்தேன்:
வெளிச்சம் தாராளமாக வந்தது,
மடிப்பில் செத்த ஆண்தேனீ ஒன்று, அவ்வளவுதான்.
சோக் தகடு சூட்டில் நேராக நிமிர்ந்தது. அதன் மேலும் பழியில்லை.

பிறகு அந்தத் திருகு.
எஞ்சின் ஓட ஓட மெல்ல உள்ளே விட்டேன்,
கால், அரை, ஒன்று, இனி போகாது என்னும் வரைக்கும்.
மூச்சு முட்டிச் செத்திருக்க வேண்டும்.
ஓடிக்கொண்டே இருந்தது.

கையில் ஸ்க்ரூடிரைவரோடு அப்படியே நின்றேன்.
ஏழு வருடமாக நாங்கள் திருகியது
எதனோடும் சேராத ஒன்றையா?

எஞ்சினை அணைத்து, டார்ச்சடித்துத் தொண்டைக்குள் பார்த்தேன்.
நின்ற பிறகும் சொட்டியது.
ஒரு சொட்டு.
எண்ணிப் பார்த்து, இன்னொன்று.

கிண்ணத்தைத் திறந்து பித்தளை மிதவையை எடுத்து
காதருகே ஆட்டினேன்.
களுக்.
மிதக்க வேண்டியது வயிறு நிறையக் குடித்துவிட்டு
அடியில் கிடந்திருக்கிறது; ஊசி மூடவேயில்லை.

மெழுகு உருக்கும் பாத்திரத்தில் வெந்நீர் வைத்து முக்கினேன்.
ஆர்டிஸ் கதவருகே வந்து நின்றாள், எதுவும் கேட்கவில்லை.
தையலோரத்திலிருந்து கொசுவின் கண்ணளவு ஒரு குமிழி.
அடுத்தது. அடுத்தது.
"ஊசித்துளை" என்றாள்.
"ம்" என்றேன்.
உள்ளிருந்த பெட்ரோல் எல்லாம் ஆவியாகிப் போகும் வரை
இரண்டு பேரும் அந்தக் குமிழிகளையே பார்த்தோம்,
ஏதோ அவை எங்களிடம் மன்னிப்புக் கேட்பது போல.

ஈயம் வைத்தது அவள். என் கை நடுங்கும்.
அதிகம் வைத்தால் கனக்கும் என்றேன்.
தெரியும் என்றாள்.
நாக்குத் தகட்டை மயிரிழை வளைத்து
அடிக்குச்சியால் மட்டம் பார்த்து மூடினோம்.

இப்போது திருகுக்கு உயிர் இருந்தது.
உள்ளே விட்டால் தடுமாறும், வெளியே விட்டால் மந்தமாகும்.
நடுவில் ஓரிடத்தில்
வெற்றிட மானியின் முள் ஆடாமல் நின்றது.
அவளுடைய சிவப்பு நகப்பூச்சால்
அங்கே ஒரு கோடு போட்டேன்.

செவ்வாய் அவள் போய் வந்தாள்.
வெள்ளி காலை முதல் வேலையாக மூடியைத் தூக்கினேன்.
கோடு வைத்த இடத்திலேயே இருந்தது.
எனக்கு என்னவோ ஏமாற்றமாக இருந்தது.
குளிருக்கு ஒரு இம்மி கூட்டினால் நல்லதோ என்று
முன்பெட்டியைத் துழாவினேன்.

ஸ்க்ரூடிரைவரைக் காணோம்.