நெடில்

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு.
பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன்.
மூன்றாம் பெஞ்சில் ஹேமாவதி
ஆ சொல்லத் தொடங்கி
அ-விலேயே நின்றாள்.

வகுப்பு சிரித்தது. நானும்தான்.
அதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்.

அப்புறம்தான் அந்தச் சத்தம்.
மெட்ரோ தண்ணி வருமுன்னே அடிபம்பில்
வெறும் காற்று ஏறி இறங்குமே, அது.
தோள்கள் காதுவரை ஏறியிருந்தன.
கழுத்துக்குழி உள்ளே போய்ப் போய் வந்தது.

இன்ஹேலர் இருந்தது,
பெயர் எழுதி, பத்திரமாக,
தலைமையாசிரியர் அறை பீரோவில்
சத்துமாத்திரை டப்பாக்களுக்குப் பின்னால்.
சாவி அவர் கைப்பையில்.
கைப்பை மண்டல அலுவலகக் கூட்டத்தில்.
கூட்டத்தின் பொருள்: மாணவர் பாதுகாப்பு.
நான் இட்டுக்கட்டவில்லை.

வாட்ச்மேன் சாலமோன் சுத்தியலோடு ஓடிவந்தார்.
பூட்டு விழவில்லை, கதவுதான் வளைந்தது.
அந்தச் சந்தில் கைவிட்டு எடுத்தேன்,
முழங்கையில் தழும்பு இருக்கிறது.
ஏழு நிமிடம் என்றாள் சத்துணவு லூர்து.
கைநொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை;
ஏழு நிமிடத்தில் எத்தனை என்று
தமிழாசிரியை எனக்குக் கணக்கு வராது.

மறுநாள் அவள் அம்மா வந்தாள்,
காசிமேட்டில் இறால் உரித்து வெளுத்த விரல்கள்.
சண்டைக்குத் தயாராக எழுந்து நின்றேன்.
"மிஸ், பெருக்கசொல்ல மட்டும்
இவள வெளிய குந்த வெக்கலாமா?"

அவ்வளவுதான் கேட்டாள்.
உயரமாயிருக்கிறாய், நீ தட்டு என்று
தினம் நான் டஸ்டரைக் கொடுத்தது இவளிடம்தான்.
வெள்ளிக்கிழமை சாம்பிராணி,
ஸ்டாஃப் ரூம் கொசுவர்த்தி,
ஓட்டத்தில் பாதியில் நின்றவளைச்
சோம்பேறி என்றது.
வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன்.
ஆப்சென்டுக்கு ஆ போடுவது என் வழக்கம்.
போகியை ஒட்டி மட்டும் பதினொன்று, ஒரே வரிசையாக.
அவளால் சொல்ல முடியாத நெடிலை
அவள் பெயருக்கு நேரே
நானே எழுதி வந்திருக்கிறேன்.

இப்போது பலகைக்கு ஈரத்துணி.
பெருக்குவது நாலு மணிக்குமேல், தண்ணீர் தெளித்து.
இழுப்புக்கு மருந்து என் மேஜை இழுப்பறையில்,
பூட்டு கிடையாது.
நிமிர்த்தி உட்காரவை, குலுக்கு, எண்ணு, ஓடு:
முப்பத்தாறு பேருக்கும் மனப்பாடம்.
ஓடுவது யார் என்பதில்தான் தினமும் அடிதடி.

பீரோ சேதத்துக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது.
ஒரு வரி எழுதிக் கொடுத்தேன்:
உள்ளே மூச்சு இருந்தது.

எர்ணாவூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள்
எஞ்சினை அணைக்காமல் நிற்கின்றன.
காலையில் துடைத்த சன்னல் திட்டில்
மத்தியானம் விரல் வைத்தால் கரி.
அதற்கு யாருக்கு மெமோ அனுப்புவது,
எந்த பீரோவை உடைப்பது.

நேற்று மறுபடி அதே பாடம்.
ஹேமாவதி எழுந்தாள். ஆ என்றாள்.
இரண்டு மாத்திரை தாண்டியும்
வேண்டுமென்றே இழுத்துக்கொண்டு போனாள்.
போதும் உட்கார் என்று நான் சொல்லவில்லை.

சன்னலைத் திறக்கட்டுமா மிஸ் என்றான் யாரோ.
காற்று எந்தப் பக்கம்,
பார்த்துச் சொல் என்றேன்.