மூன்றடி ஒன்பது அங்குலம்

மெர்லின் பல்தசார் கைப்பையிலிருந்து எடுத்தது
ஒரு துண்டுக் கம்பளி நூல். சிவப்பு.
ஒரு முனையில் முடிச்சு, தலை.
மறுமுனையில் முடிச்சு, வால்.
"மூன்றடி ஒன்பது அங்குலம்.
நித்திரையில் கிடக்கக்குள்ள
முதுகோட வைச்சு அளந்தது."

கல்லடிப் பாலத்துக்கு இப்பால் என் அலுமினியக் கடை.
பாம்புக்குப் பெட்டி நான் செய்ததில்லை.
கொத்துரொட்டிக் கடைக்குக் கண்ணாடித் தடுப்பு,
போன் கடைக்கு ஷோகேஸ்,
ஒருமுறை மீன் வாடிக்கு ஐஸ் அறைக் கதவு.
சரக்கு எவ்வளவு என்று கேட்டிருக்கிறேன்.
சரக்குக்கு என்ன விருப்பம் என்று கேட்டதில்லை.

"சுருண்டுதானே அக்கா கிடக்கும்,
இரண்டடி காணாதா?"

அவள் பதில் சொல்லவில்லை.
மேசைக் கண்ணாடியில் நூலை இழுத்து நிமிர்த்தினாள்.
பக்கத்தில் என் அளவுநாடாவை
இரண்டடிக்கு விரித்தாள்.
மிச்ச நூலை ஒரு விரலால் தட்டினாள்,
இது எங்கே போகும் என்பதுபோல.

நான்கடி நீளம். இரண்டடி அகலம். இரண்டடி உயரம்.
எழுதிக்கொண்டேன்.

ஆனால் எனக்குள் ஒரு தாராளம் கிடந்து உறுத்தியது.
மூடிப்போன நகைக்கடை ஒன்றின் ஷோகேஸ்,
ஏழடி,
பின்கொட்டிலில் தூசி தின்றுகொண்டிருந்தது.
வெல்வெட்டைப் பிடுங்கி, நாலு பக்கமும் துடைத்து
அதே விலைக்குக் கொண்டுபோய் இறக்கினேன்.
"ராசா மாதிரி இருக்கட்டும்."

ஐந்து கிழமை அது சாப்பிடவில்லை.

சின்ன உப்போடைக்குப் போய்ப் பார்த்தேன்.
ஏழடிக் கண்ணாடியின் ஒரு மூலையில்
ஒரு பந்து.
தலையைத் தேடவேண்டியிருந்தது;
தன் உடம்பையே கதவாக்கி
அதன்மேல் சாத்தியிருந்தது.
வெங்கிணாந்தி ஆட்டையே விழுங்கும் என்பார்கள்
உன்னிச்சைப் பக்கம்.
இது ஆபிரிக்காச் சாதி. பயந்த உயிர்.
தெருவால் ஒரு லேண்ட்மாஸ்டர் போனது,
பந்து இன்னும் கொஞ்சம் இறுகியது.

"பெரிசு பிழையில்ல," என்றாள் மெர்லின்,
"வெளிதான் பிழை."

திராய்மடுவில் எங்களுக்குக் கிடைத்தது
பத்துக்கு இருபது தகரக் கொட்டில். ஆறு பேர்.
அளக்க வந்தவர் நிலத்தை அளந்தார்,
தகரத்தை அளந்தார்,
தலைகளை எண்ணினார்.
தங்கச்சி உடுப்பு மாற்றும்போதெல்லாம்
அம்மா சீலையை விரித்துப் பிடித்து நிற்பாள்,
முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு.
அந்த நாட்களில் நான் ஆசைப்பட்டது
வீட்டுக்கு அல்ல,
உள்ளே போய் மூடிக்கொள்ள ஒரு பெட்டிக்கு.

இதை மெர்லினிடம் சொல்லவில்லை.
"மூன்று பக்கமும் கறுப்பு ஒட்டுவம்," என்றேன்.

கறுப்பு ஒட்டினோம்.
கல்யாண மண்டபத்தில் கழித்துவிட்ட
பிளாஸ்டிக் இலைகளை நெருக்கித் தொங்கவிட்டோம்.
வாய் உடைந்த சட்டிகள் இரண்டு கவிழ்த்தோம்,
சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று.
நான் முதலில் வாங்கிப் போனவை பெரிய சட்டிகள்.
திருப்பி அனுப்பினாள்:
"சுருண்டால் நாலாபக்கமும் சட்டி முட்டவேணும்.
முட்டினால்தான் அதுக்கு வீடு."
ஏழடி நீளத்துக்குள்
ஒரு சாண் இறுக்கம் தேடி
சந்தையில் அரைநாள் அலைந்தேன்.

மார்கழி மழை. கரண்ட் இல்லாத இரவு.
பத்தரைக்கு ஒரு படம் வந்தது:
சட்டி வாயிலிருந்து எலிவால் ஒன்று
நூல்போல வெளியே.

விடியப்புறம் அழைத்தாள்.
"ரெண்டு மணிக்கு எழும்பிப் பார்த்தன்.
முன்கண்ணாடியோட நிமிர்ந்து கிடக்கு,
முழு நீளத்துக்கும்.
ஒருத்தரும் பார்க்கயில்ல என்டு நினைச்சிருக்கு."

"அளந்தீங்களா?"

"ஓம். வெளியால நாடாவை வைச்சு.
மூன்றடி பதினொன்று."

மேசை லாச்சியைத் திறந்தேன்.
சிவப்பு நூல்
ஆணிகளுக்கிடையில் சுருண்டு கிடந்தது,
இரண்டங்குலம் கட்டையாக.