மேலிருந்து கீழ் ஒன்பது

மூதூர் போகும் ஏழரை மணிப் படகில்
ஞாயிற்றுப் பேப்பரைத் திங்கட்கிழமை விரிப்போம்.
இடமிருந்து வலம் எனக்கு,
மேலிருந்து கீழ் ஜெனூபாவுக்கு.
அவளுக்குக் காணிக் கந்தோர்,
எனக்கு ஆஸ்பத்திரி லாப்.
கட்டங்கள் முட்டிக்கொள்ளும் இடத்தில் மட்டும்
இரண்டு பேரும் ஒரே எழுத்துக்குச் சம்மதிக்க வேண்டும்.

அன்றைக்குச் சுகமாகத்தான் தொடங்கியது.
'நடுவை எறிந்தால் கல்லாகும், மூன்று.'
கடல் என்றேன், கோணேசர் மலையைப் பார்த்தபடி.
'அதுவே நான்கு கட்டத்தில்.'
கப்பல் என்றாள், சீனன்குடாப் பக்கம்
கோதுமை இறக்க நின்றதைக் காட்டி.
நடுவைத் தொலைத்ததெல்லாம்
இந்த ஊரில் கல்லாகிவிடுகிறது போல.

பிறகு வந்தது பன்னிரண்டு.
'உம்மைச் சூடாக்கிக் குளிக்கலாம், நான்கு.'
நீர் என்றால் நீங்களும்தான், தண்ணீரும்தான்.
கன்னியாவை வைத்திருக்கும் ஊருக்கு
இதுவும் ஒரு கேள்வியா?
வெந்நீர். பேனா தொட்டாயிற்று.

"பொறு" என்றாள்.
"ஒன்பது கீழே வருது.
கொம்பு உண்டு, ஹோன் அடித்தாலும் நகராது.
ரெண்டு கட்டம், மா ஏற்கெனவே விழுந்திட்டுது."
மான்.
கோட்டை வாசலில் இருந்து பஸ் ஸ்டாண்ட் வரை
பொலித்தீன் தின்று திரிகிற எங்கள் மான்.
"அப்ப உன்ர ந் என்ர ன் ஆக வேணும்."

வெம்மையோடு நீர் சேர்ந்தால் ந்தான் என்றேன்.
"சாப்பாட்டுக் கடையில ன் போட்டுத்தானே எழுதிக் கிடக்கு?"
கடையில் கிடப்பதெல்லாம் இலக்கணமா?
சுக்கானைப் பிடித்திருந்த சவரிமுத்து
இரண்டும் சரி என்று சொல்லி
இரண்டு பக்கமும் ஏச்சு வாங்கினார்.
பால்மாப் போத்தலோடு ஒரு பிள்ளைத்தாய்,
"அக்கா, சுடுதண்ணி இருக்கா?"
ஜெனூபா தலை திருப்பாமல்
ஃபிளாஸ்கை எடுத்து நீட்டினாள்.

கன்னியாவில் ரிக்கெற் கிழிக்கும் மச்சான் முக்தாருக்கு
படகிலிருந்தே கோல் எடுத்தாள்.
"போர்ட்டில இருக்கிறதை வாசி."
வாசித்தான்.
காதில் விழுந்தது எந்த எழுத்தென்று
இன்றுவரை தெரியாது.
"மானுக்கு வாறதா, நரிக்கு வாறதா?"
"ஏழு கிணறு கிடக்கு மச்சி, ஏழு சூடு.
எழுத்துக்கு நான் ரிக்கெற் கிழிக்கிறேல்ல."

சிரித்தோம்.
ஆனாலும் ஓர் எழுத்தை
சும்மா விட எனக்குத் தெரியாது.
அப்பா குணராசா. சாவுச் சான்றிதழில் குணராஜா.
சாவுக்கும் ஜாவுக்கும் இடையில்
அம்மாவின் பென்சன் பதினொரு மாதம் நின்றது.
ஜெனூபாவின் மேசையில்
கிண்ணியாவில் கிடக்கும் வயல் ஒன்று
கின்னியா என்று உறுதி முடிந்து,
இரண்டு குடும்பம்
வரம்பில் நின்று முறைக்கிறது, நாலு வருடமாக.
சுழி ஒன்று கூடினால் காணி நகருமா?
நகர்ந்திருக்கிறது என்கிறாள்.

அந்தக் கட்டத்தில் பென்சிலால் அவள் ன் போட்டாள்,
அதன்மேல் நான் ந்.
கறுத்துப் போய்
ஒரு நுளம்பை அடித்த மாதிரி இருந்தது.

அடுத்த ஞாயிறு விடை வந்தது.
மாடு.
சுடுநீர்.

கொழும்பில் இருந்து புதிர் போட்டவருக்கு
வீதி என்றால் மாடு.
நாங்கள்
எங்கள் வீதியை அதற்குள் இறக்கிவிட்டு
ஒரு மணித்தியாலம் எழுத்துக்குச் சண்டை பிடித்திருக்கிறோம்.
சுடுதண்ணி கேட்ட வாய்
பக்கத்திலேயே இருந்தது.

ஜெனூபா விடவில்லை.
திங்கள் படகில் மடியில் கொப்பியை வைத்து
ஆசிரியருக்குக் கடிதம் தொடங்கினாள்.
ஐயா, மானுக்கும் கொம்புண்டு,
ஹோனுக்கு அதுவும் நகராது, வந்து பாரும்,
இப்படிக்கு, ஜெ. ஜெனூபா.
கீழே ஊரை எழுதப் போனவள்
திரு வரைக்கும் எழுதி நிறுத்தினாள்.
"நடுவில க் போடுறதா, விடுறதா?"

என் அடையாள அட்டையில் இல்லை.
பிறப்புச் சான்றிதழில் இருக்கிறது.

சவரிமுத்து எஞ்சினை அணைத்தார்.
மூதூர் வந்திருந்தது.