வெளிய நின்னு பாத்தா

குலசேகரம் கடையில் ஐந்நூற்று இருபது என்றான்.
வெறும் காகிதம்தானே என்றேன்.
உள்ளே பல்பும் உண்டு என்றான்.
பல்பு எங்கள் வீட்டிலும் உண்டு,
குளிமுறியில்.

டிசம்பரில் எனக்கும் ரப்பருக்கும்
பேச்சுவார்த்தை குறைவு.
இருட்டோடு கத்தியை எடுத்துக்கொண்டு போவேன்.
மூன்றாவது வரிசை வெட்டி முடிக்குமுன்
மழை வந்து சிரட்டைப் பாலை வெள்ளமாக்கிவிடும்.
வெட்டாத நாளுக்குக் கூலி கிடையாது.
அந்த மாதம் பார்த்துத்தான்
கடையாலுமூட்டில் வீட்டுக்கு வீடு
நட்சத்திரம் ஏறுகிறது.

காற்றில் சாய்ந்த கமுகு ஒன்று பின்னால் கிடந்தது.
பிளந்து பத்து அலகு எடுத்தேன்,
முழங்கை நீளம், பேனா கனம்.
ஐந்து அலகுக்கு ஒரு முகம்.
இரண்டு முகத்தையும் முனையோடு முனை சேர்த்துக் கட்டி
உள்மூலைகளில் ஐந்து குச்சி முட்டுக் கொடுத்தால்
வயிறு உப்பி நிற்கும்,
மாதம் நிறைந்த ஆடு மாதிரி.

பசை வாங்கவில்லை.
அன்றைக்கு மழை முந்தாமல் விட்ட
ஒரே ஒரு சிரட்டைப் பால்.
இரண்டு பக்கமும் தடவி, ஊதி,
வெள்ளை மங்கிக் கண்ணாடியாகும் நேரத்தில் அழுத்த வேண்டும்.
பிறகு பிரிக்கப் போலீஸ் வந்தாலும் நடக்காது.
விரலில் காய்ந்ததை பெனிஷா
நூல்நூலாய் உரித்துப் பந்து உருட்டினாள்.
துள்ளியது.
வேலை கால் மணி நேரம் நின்றது.

சிவப்புத் துணிக்கடைப் பை ஒரு முனைக்கு.
காலண்டர் தாள் இரண்டு முனைக்கு,
மார்ச், ஆகஸ்ட்.
சபை அசனத்து ரோஸ் நோட்டீஸ் நாலாவதுக்கு.
ஐந்தாவதுக்கு ஒன்றும் இல்லை.
"நான் பாத்துக்கிடுதேன்" என்று
கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டு
எனக்கு முதுகு காட்டி இருந்தாள்.
மரச்சீனி வெந்ததா என்று பார்க்க
அடுக்களைக்குப் போனேன் நான்.
அங்கேதான் பிழை.

மரங்களுக்குப் பாவாடை கட்டியதில் மிஞ்சிய
ரெயின்கார்டு பிளாஸ்டிக்கை மேலே போர்த்தினேன்.
ஐந்நூறு மரத்தை நனையாமல் காப்பவளுக்கு
ஒரு நட்சத்திரமா பெரிது?

இருபத்திரண்டாம் தேதி
கொல்லத்தில் கொத்து வேலை முடித்து ஜஸ்டஸ் வந்தார்.
குளிமுறிப் பல்பைக் கழற்றி வயர் இழுத்தார்.
மூன்று பேரும் ரோட்டில் போய் நின்றோம்.
மார்ச் எரிந்தது. ஆகஸ்ட் எரிந்தது.
ஐந்தாவது முனையில்
கணக்குகள், கணக்குகள் மேல் கோடுகள்,
நடுவில் சிவப்பு மையில் வட்டம்,
வட்டத்துக்குள் இடம் வலம் மாறிய ஓர் எண்.

மிட்டேர்ம் பேப்பர் இன்னும் தரவில்லை என்றுதான்
மூன்று வாரமாய்ச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"உள்ள இருவத்தேழு" என்றாள் மெதுவாக.
"வெளிய நின்னு பாத்தா எழுவத்திரண்டும்மா."

"அது என்ன நம்பரு?" என்றார் ஜஸ்டஸ்.
"கதவு நம்பரு" என்றேன்.
ஏன் அப்படிச் சொன்னேன், தெரியவில்லை.
சிரிப்பை அடக்க வேறு வழி இல்லை.

மறுநாள் இரவு கேரல் வந்தது,
சேறு மிதித்து, குடை பிடித்து, டிரம் அடித்து.
கிறிஸ்துமஸ் தாத்தா வேஷத்தில் யார் என்று
நடையைப் பார்த்தே தெரிந்தது: டெல்லஸ் சார்,
எட்டாம் வகுப்புக் கணக்கு.
ஆடிக்கொண்டே வந்தவர்
நட்சத்திரத்துக்கு நேர் கீழே நின்றுவிட்டார்.
அண்ணாந்து பார்த்தார்.
சொந்தக் கையின் சிவப்பு மை.
முகமூடிக்கு எப்போதும் ஒரே சிரிப்பு;
உள்ளே என்ன முகம் வைத்திருந்தாரோ.

பெனிஷா என் சேலைக்குப் பின்னால்.
டிரம் ஒரு அடி தவறி, பிறகு சேர்ந்துகொண்டது.

பாட்டு முடிந்து மிட்டாய் கொடுத்தார்.
எல்லாருக்கும் ஒன்று, அவளுக்கு இரண்டு.
பஞ்சுத் தாடிக்குள்ளிருந்து குரல் வந்தது:
"ஸ்டார் கொள்ளாம். மழைக்குத் தாங்கும்.
பள்ளிக்கூடம் தொறந்ததும்
அந்த அஞ்சாவது முனைய மட்டும் கொண்டு வா மக்களே.
கையெழுத்து விட்டுப் போயிருக்கு."

அன்றைக்கும் இருட்டில்தான் குளித்தேன்.
சோப்பு எங்கேயோ வழுக்கி ஓடியது.
ஜன்னல் வழியாக ஓட்டுவிளிம்பில்
எழுபத்திரண்டு ஆடிக்கொண்டிருந்தது.
ரப்பர் பால் பிடித்த தாள்.
பேனா ஓடுமா அதில்?