அகப்பை

பிரிந்தபோது பட்டியல் எழுதியது நான்தான்.
ஜமக்காளம் பதினாறு, பக்கத்துக்கு எட்டு.
ஆர்மோனியம் அவர்களுக்கு, அதன் பெட்டி எங்களுக்கு.
பித்தளை அண்டா அவர்களுக்கு,
அதைக் கிண்டும் ஐந்தடி அகப்பை எங்களுக்கு.
தேதிக்கு மேலே, வழக்கம்போல,
'கர்த்தருடைய கிருபையால்' என்று போட்டிருந்தேன்.

மாட்டுங்கா லேபர் கேம்பில்
ஒரே சந்துக்குள் இரண்டு சபை.
அவர்கள் பாடி முடிக்கும் ஆமென்
எங்கள் பிரசங்கத்தின் நடுவில் வந்து விழும்.
யாரும் சிரிக்க மாட்டோம்.
வொர்லி சாரிட்டி கமிஷனர் ஆபீஸில்
ஒரே பெஞ்சின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்து
வாய்தா வாங்கித் திரும்புவோம்,
ஒரே பஸ்ஸில்.

என்ன நடந்தது என்பது மினிட்ஸ் புத்தகத்தில் இருக்கிறது:
'அசனத்தன்று சமையற்கட்டில்
சிறு மனஸ்தாபம் ஏற்பட்டது.'
என் கையெழுத்து அழகு. எல்லோரும் சொல்வார்கள்.

சிறு மனஸ்தாபம் இதுதான்.
பெர்சியாள் அகப்பையை எடுத்தாள்.
"நீ காய் நறுக்கினாப் போதும்" என்றார் மூப்பர் ஞானாபரணம்.
"உன் கை கிண்டினதை எங்க ஜனம் சாப்பிடாது."
பக்கத்தில் நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன்.
ஒரு பல்லை இவ்வளவு நேரமா உரிப்பார்கள்,
அவ்வளவு நேரம் உரித்தேன்.
அவள் அகப்பையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள்.
பதினோரு வருஷம்
அது என் பீரோவின் மேல், பழைய வேட்டியில் சுற்றிக் கிடந்தது.

ஜூலையில் ஒருநாள் விடிவதற்குள்
மழையும் சாக்கடையும் ஒன்றாகிச்
சந்துக்குள் இடுப்பளவு.
கட்டிலடியில் வழக்குக் கட்டு ஊறிப் பெருத்தது.
யாரோ ஒரு பையன் அக்குளில் கைகொடுத்து
என்னை மாடிக்கு ஏற்றினான். அவர்கள் மாடி.
அட்டைப்பெட்டி கோடவுனுக்கு மேல் தகரக் கூரை,
நடுவில் அந்த அண்டா, கொதிக்கும் கஞ்சி.
பெர்சியாள் கிண்டிக்கொண்டிருந்தாள்,
கிரிக்கெட் மட்டையால்.
அதில் ஸ்டிக்கர்கூடப் பாதி உரியாமல் இருந்தது.
பக்கத்து மசூதிப் பிள்ளைகள், ஒரு மராத்திப் போலீஸ்காரர்,
மூப்பரின் மருமகள், இடுப்பில் குழந்தையோடு.
எனக்கும் ஒரு டம்ளர் வந்தது.
அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.
டம்ளரைப் பார்த்து ஊற்றினாள், சிந்தாமல்.

தண்ணீர் வடிந்த வாரம்
அகப்பையைத் தோளில் சாத்திக்கொண்டு புறப்பட்டேன்.
"படகு எங்கே சேட்?" என்று கேட்டான்
தெருமுனை பேல்பூரிக்காரன்.
கதவைத் திறந்தவள் அதை வாங்கவில்லை.
"இது இல்லாமலே எங்களுக்கு வெந்துச்சு அண்ணாச்சி.
அந்தப் புஸ்தகத்துல என்ன எழுதுனீங்க?
மனஸ்தாபமா? யாருக்கு?
அதைத் திருத்திட்டு வாங்க."

அடித்தது தெரியாமல் அடிக்கப் பழகிய கை.
இந்தமுறை தெரியும்படி ஒற்றைக் கோடு.
கீழே மூப்பர் சொன்னதை, சொன்னபடி.
அதற்கும் கீழே:
'செயலாளர் கேட்டுக்கொண்டிருந்தார். பேசவில்லை.'

ஒரே ஞாயிற்றுக்கிழமை
இரண்டு சபையிலும் நின்று வாசித்தேன்.
எங்கள் பக்கம் ஆறு பேர் எழுந்து போனார்கள்.
அவர்கள் பக்கம் ஒருவர்
"இப்பத்தான் கேட்டுச்சாக்கும்" என்றார்.
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
வொர்லியில் வாபஸ் மனுவை வாங்கிய கிளார்க்
இரண்டு தரப்பும்தானா என்று இரண்டு தடவை கேட்டார்.

ஞானாபரணம் இன்னும் வரவில்லை.
வாரம் ஒருவர் போய் அவர் கதவைத் தட்டுகிறோம்.
இந்த வாரம் பெர்சியாளின் முறை.
போகமாட்டேன் என்றாள். பிறகு
குடையை எங்கே வைத்தேன் என்று தேடினாள்.

போன மாதம் அசனம்.
அவள் கிண்டினாள், அந்த அகப்பையால்.
அண்டா கழுவும் வேலை எனக்கு.
சாம்பாரில் உப்பு தூக்கல்.
எங்கள் ஆள் ஒருவர் அதை
அவர்கள் ஆள் ஒருவரிடம் துணிந்து சொன்னார்.

எங்கள் ஆள், அவர்கள் ஆள்.
பாருங்கள், இதையும் அடிக்க வேண்டும்,
தெரியும்படி.

எதிரே இருந்தவர் ஒன்றும் சொல்லாமல்
தன் தட்டிலிருந்து கொஞ்சம் வெறுஞ்சோற்றை
இந்தப் பக்கம் தள்ளிவிட்டார்.