ஆறு சதம்

கடனுக்குப் படகு போன பிறகு
பங்குனிக் கடைசியில் காங்கேயம் வந்து இறங்கினான் பெர்க்மான்ஸ்.
முதல் வாரமே மூக்கில் ரத்தம்.
உதடு வெடித்துச் சிரிப்பு பாதியில் நின்றது.
"என்னா ஊரு இது, வேர்க்கவே செய்யல்லியே."

வேர்க்குதுங்க என்றேன்.
நீங்க பாக்கறதுக்குள்ள
காத்து எடுத்துட்டுப் போயிருது.

அவனுக்கு முட்டம்.
கல்யாணமான புதுசில் பதினோரு மாதம் அங்கே இருந்தேன்.
துவைத்த பாவாடை மூன்று நாள் கொடியில் கிடந்து
நாலாம் நாள், சந்தைக்குப் போய் மீன் வாங்கி வந்த மாதிரி
மணத்தது.
ஜாடிக்குள் கல்லுப்பு அழுதுகொண்டிருந்தது.
தீக்குச்சியை உரசினால் மருந்து மட்டும் கையோடு வரும்.
சுட்ட அப்பளம்
அடுப்பிலிருந்து தட்டுக்கு வருவதற்குள் துணி.

"என்ன சுகமான காத்து பாத்தியா" என்பாள் அவன் அக்கா ஜெசிந்தா,
மணலில் காலை நீட்டிக்கொண்டு.
எனக்கோ
யாரோ ஒருவர் பிடரிக்குப் பின்னால் நின்று
நாளெல்லாம் மூச்சு விடுவது போலிருந்தது.
கெட்ட மூச்சு இல்லை.
ஆனாலும் யாரோ.

இங்கே களத்தில் எனக்கு ஈரம் பார்க்கும் வேலை.
மீட்டரின் இரண்டு ஊசியைத் தேங்காய்ப் பருப்பில் குத்தினால்
எண் வரும்.
ஆறு என்றால் ஆலைக்கு.
ஏழு என்றால் இன்னொரு வெயில்.
எட்டு என்றால் பூசணம் பஸ் ஏறிவிட்டது என்று அர்த்தம்.
பாலக்காட்டிலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் லாரி வரும்.
ஈரத்தில் பிறந்து ஈரத்தில் பருத்த காய்கள்
கடைசிக் காலத்துக்கு மட்டும்
எங்கள் வெயிலைத் தேடி வருகின்றன.

இதைச் சொன்னபோது
"என்னையும் அப்படித்தான் இறக்கிப் போட்டிருக்க, இல்லியா" என்றான்.
நான் சிரித்தேன்.
அவனால் முடியவில்லை, உதடு.

எனக்குப் பிடித்த வெயிலை
அவனிடம் எப்படிச் சொல்வது?
பன்னிரண்டு மணிக்கு வெள்ளையாகிப் போன ரோடு.
ஊடு வேலா மரத்தடியில் ஒட்டிக்கிடக்கும் ஆடுகள்.
பிழிந்து உதறிய சேலையின் மறுமுனையைக் கட்டி முடிப்பதற்குள்
முதல் முனை காய்ந்திருப்பது.
யாரும் யாரையும் தொடாத வெயில்.
நிழலுக்குள் ஒரு எட்டு வைத்தால் வேறு நாடு.

சித்திரை இரண்டாம் வியாழன், மணி மூன்றே முக்கால்.
தெற்கே ஒரு கறுப்பு.
துளசாமணியக்கா கத்தினாள்:
"மழெ! மழெ! பாயெ இழுங்க!"
களம் முழுக்கப் பருப்பு, நாலு லாரி லோடு.
தார்ப்பாய் காற்றில் எழும்பி எங்களைத் தூக்கப் பார்த்தது.
கொதிகலன் அறையிலிருந்து ஓடிவந்தவன்
கயிற்றைப் பிடுங்கி
நான் அறியாத ஒரு முடிச்சு போட்டான்,
பிறகு இன்னொன்று.
பாய் துடித்தது, அவிழவில்லை.

மூன்றில் ஒரு பங்கு நனைந்துதான் போனது.
அதற்கு முடிச்சும் இல்லை ஒன்றும் இல்லை.
ஓனர் போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.
நான் பருப்பைப் பார்க்காமல் இவனைப் பார்த்தேன்:
சந்தோஷப்படக் கூடாத இடத்தில்
முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு
வாயைக் கொஞ்சமாய்த் திறந்து
மழையில் நின்றான்.

ராத்திரி ஜன்னலைச் சாத்த விடவில்லை.
மண் வாசம், நனைந்த பருப்பின் புளித்த வாசம்.
முதுகில் மெல்லிய வேர்வையோடு தூங்கினான்.
பையிலிருந்த மீட்டரை எடுத்து
ஊசி குத்தாமல் சும்மா தொட்டு வைத்தேன்.
ஏதோ ஓர் எண் வந்து நின்றது.
பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

காலையில் பாய்களைச் சுருட்டினோம்.
வெயில் எதுவும் நடக்காதது போல வந்தது.
நனைந்த குவியலில் குத்திப் பார்த்து
"ரெண்டு வெயில் போதும்" என்றேன்.
உதட்டில் எண்ணெய் மினுங்க
ஒரு பருப்பை எடுத்து வளைத்துப் பார்த்தவன்
நிமிராமலே சொன்னான்,
"மூணு."