எலிக் கணக்கு

ஒன்பதரைக்கு மேல் சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில்
டீக்கடை பெஞ்சு எங்களுடையது.
சட்டைப்பையில் டெஸ்டர் செருகியபடியே உட்காருவோம்.
அக்னி நட்சத்திரம். தார் இன்னும் ஆறவில்லை.
ஊரே ஏசி இழுக்கிற மாதம், வேலைக்குப் பஞ்சமில்லை.

எத்திராஜ் தொடங்கினான்.
"வாணியம்பாடியில அண்ணன் தம்பி. கேஸ் போட்டுப் பாகம் பிரிச்சு
நடுவுல செவுரு வெச்சிட்டானுங்க.
அண்ணங்காரன் மெயினை அணைச்சா
தம்பி வூட்டு ஃபேன் நிக்குது. இன்னாபா இது?"
மீட்டர் இரண்டு, ஃபேஸ் இரண்டு,
நியூட்ரல் மட்டும் அப்பன் காலத்து ஒற்றைக் கம்பி,
சுவருக்கு அடியில், யாருக்கும் தெரியாமல்.
"பிரிச்சு வுட்டியா?"
"புதுசா ஒண்ணு இஸ்தேன். பழசைப் புடுங்கல.
மொனையில டேப் சுத்தி அப்டியே வுட்டுட்டேன்.
கெடக்கட்டும்."

இம்தியாஸுக்கு ராணிப்பேட்டை தோல் ஷெட்.
டிரம் மோட்டாரைத் தொட்டால் ஷாக்.
எர்த் குழி பாலாறு மாதிரி வறண்டு கிடந்தது.
தோலில் உதறிய உப்பைக் கூட்டி அள்ளி
குழியில் கொட்டி, எட்டுக் குடம் ஊற்றி,
ஒழுகிக்கொண்டிருந்த தொட்டிக் குழாயை
அந்தப் பக்கமாய்த் திருப்பி வைத்தான்.
"இந்த ஒழுகலை மட்டும் ரிப்பேர் பண்ணாதீங்கன்னு
சொல்ட்டு வந்துட்டேன்."

ரீவைண்டிங் கோமளா சிரித்தாள். விரலெல்லாம் வார்னிஷ்.
"நீ இன்னா, வாயே தொறக்கல?"

ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்தில் ஒரு லாட்ஜ்.
சில ராத்திரி மூன்று மணிக்கு
மூன்றாவது மாடி மொத்தமும் ட்ரிப்.
சில ராத்திரி ஒன்றுமில்லை.
மெக்கர் வைத்தேன், சுத்தம்.
கீசரைக் கழற்றினேன். ஏசித் தண்ணீர் எங்கே வடிகிறது பார்த்தேன்.
சாக்கெட் சாக்கெட்டாய்ப் பல்லி தேடினேன்.
சிகரெட் அட்டையில் தேதி குறித்தேன்:
செவ்வாய், வெள்ளி. செவ்வாய், வெள்ளி.
எந்த ஒயருக்குக் கிழமை தெரியும்?

"அப்புறம்?"
"எலி. சீலிங்குக்குள்ள கடிச்சு வெச்சிருந்தது."
எத்திராஜ் முகம் தொங்கிவிட்டது.
இவ்வளவு பில்டப்புக்கு எலியா.

சொல்லாமல் விட்டது:
வெள்ளி ராத்திரி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன்.
மூன்றடிக்கப் பத்து நிமிஷம். முந்நூற்றேழின் கதவிடுக்கில்
அரிசி கொதிக்கிற வாசம்.
உடனே இருட்டு.
திறந்தவள் கல்கத்தாப் பக்கம்.
தரையில் துருப்பிடித்த காயில் அடுப்பு,
கட்டிலில் எலும்பாய் ஒரு மனிதர்.
சமைக்கக் கூடாது என்று நாலு மொழியில் போர்டு,
ஒன்று அவளுடையது.
என் டார்ச் வெளிச்சத்தைக் கும்பிட்டாள்.
பேச மொழியில்லை. நாலு விரல் காட்டினாள்,
பிறகு வாயைப் பொத்திக் காட்டினாள்.
நாலு மணிக்கு மேல் அவருக்குப் பச்சைத் தண்ணீரும் கூடாது.
விடிந்தால் டெஸ்ட்.
செவ்வாய், வெள்ளி.

மறுநாள் புதுக் காயில், மூன்று பின் ஒயர்.
கீசர் லைனிலிருந்து ஒரு கிளை இழுத்து
பீரோ மறைவில் பதினாறு ஆம்ப் சாக்கெட்.
இரண்டையும் ஒன்றாய்ப் போடாதே என்பதை
சைகையில் சொல்லி முடிக்கக் கால் மணி நேரம்.
பில்லில் எலி என்று எழுதினேன்.
மேனேஜர் அன்றைக்கே மூன்று பொறி வாங்கி
தேங்காய்ச் சில்லு மாட்டி வைத்தார்.

கோமளா டீயை ஊதிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.
"எத்தினி ஆம்ப் எலி?"

பஸ் ஒன்று காட்பாடிப் பக்கம் போனது.

"ஒம்பது."
"காயில் பழசா?"
"மாத்திட்டேன்."
"எர்த்?"
"பார்த்துட்டேன்."
சரி என்று கிளாஸை வைத்தாள். அதற்கு மேல் கேட்கவில்லை.

இம்தியாஸ் போன் அடித்தது.
ஏதோ கல்யாண மண்டபமாம், பாதி விளக்கு எரிகிறதாம்,
பாதி இல்லையாம், மாப்பிள்ளை அழைப்பு நிற்கிறதாம்.
"ஒரு ஃபேஸ் போயிருக்கும்," என்றோம்
நாலு பேரும் ஒரே நேரத்தில்.
ஏணி யாரிடம் இருக்கிறது என்பதில்தான் கொஞ்சம் தகராறு.